‘ஒரே தோட்டத்துக் காப்பி’: பையில் போட்டிருக்கும் பெயருக்கு என்ன பொருள்?

#1 முத்தியால்பேட்டை_டவரா

எங்கள் வீட்டில் முப்பது வருஷமாக ஒரே கணக்குதான். பிபி என்கிற உருண்டைக் கொட்டை முக்கால் பங்கு, ரோபஸ்டா கால் பங்கு, கிலோவுக்கு 200 கிராம் சிக்கரி. புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் அரைத்து வாங்குவோம். மாமியார் சொல்லிக் கொடுத்தது, நான் மாற்றியதே இல்லை.

போன மாதம் மகள் பெங்களூரிலிருந்து வந்தபோது கால் கிலோ கொட்டை கொண்டுவந்தாள். பையின் மேல் ஒரு தோட்டத்தின் பெயர், சேர்வராயன் மலை, எஸ்.795 என்ற ரகம், கழுவிப் பதப்படுத்தியது, வறுத்த தேதி என்று எல்லாம் எழுதியிருந்தது. சிக்கரி சேர்க்காதே என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வழக்கம்போல் பில்டரில் போட்டேன். டிகாக்ஷன் மளமளவென்று இறங்கிவிட்டது. பால் ஊற்றினால் நீர்த்துப் போய், ஓரத்தில் ஒரு புளிப்பு. மனசு விட்டுப் போச்சு. மிச்ச டிகாக்ஷனை வீணாக்க வேண்டாம் என்று வெந்நீர் கலந்து, பால் சர்க்கரை எதுவும் இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்து குடித்தேன். ஆற ஆற வாசனை மாறிக்கொண்டே வந்தது. முதலில் வறுத்த வேர்க்கடலை, அப்புறம் வெல்லப்பாகு, கடைசி வாயில் கமலா ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த மணம். ஐம்பத்திரண்டு வயதில் காப்பிக்கு இப்படி ஒரு குணம் உண்டு என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

விலை எங்கள் கடைக் காப்பியைப் போல மூன்று மடங்கு. அந்தத் தோட்டத்தின் பெயருக்கு உண்மையில் ஒரு பொருள் இருக்கிறதா? அந்த மலையிலுள்ள ஏற்காட்டுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். ஏரியைப் பார்த்தேன், பகோடா பாயிண்ட் பார்த்தேன். ரோட்டோரம் நின்ற காப்பிச் செடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுவும் சேர்ந்து உறுத்துகிறது.

#2 லாஸ்பேட்டை_வாசகி

அக்கா, பெயர் போட்டால் விலை ஏறும், அவ்வளவுதான் என்பது என் எண்ணம். ஒயிட் டவுனில் ஒரு கப் 250 ரூபாய்க்குக் குடித்தேன். பலகையில் ‘ஒரே மூலம்: சிக்கமகளூர்’ என்று இருந்தது. சிக்கமகளூர் என்பது ஒரு முழு மாவட்டம். அங்கே எத்தனை ஆயிரம் தோட்டம்! இதில் ‘ஒரே’ எங்கே இருக்கிறது?

#3 திருப்பாப்புலியூர்_கொட்டைக்கடை

லாஸ்பேட்டை அம்மா சொன்னதில் பாதி சரி. ‘ஒரே மூலம்’ என்ற சொல்லை நாட்டுக்கும் போடுறாங்க, மாவட்டத்துக்கும் போடுறாங்க, ஒரு தோட்டத்துக்கும் போடுறாங்க, அந்தத் தோட்டத்தில் ஒரு பாத்தியில் ஒரு வாரம் பறித்த பழத்துக்கும் போடுறாங்க. வாங்குறவங்க எந்த அளவு என்று கேட்கணும்.

கடலூரில் எங்கப்பா ஆரம்பித்த வறுத்து அரைக்கிற கடையை நான்தான் பார்த்துக்கறேன். ‘பிளாண்டேஷன் ஏ கொடுங்க’ என்று கேட்கிற பெரும்பாலானோர் அதை ஒரு தோட்டத்துச் சரக்கு என்று நினைக்கிறாங்க. அது இல்லை. எங்கள் வியாபாரத்தில் பிளாண்டேஷன் என்றால் கழுவிப் பதப்படுத்தின அரபிக்கா இனக் கொட்டை. ஏ, பி, சி என்பது சல்லடையில் நிற்கிற கொட்டையின் அளவு. பழத்தோடு அப்படியே காய வைத்தது செரி. பிபி என்றால் பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதிலாக உருண்டையாக ஒரே கொட்டை விளைந்தது. இதில் எதுவும் எந்த ஊர், எந்த மலை, யார் தோட்டம் என்று சொல்லாது.

ஏன் சொல்லவில்லை என்பதுதான் முக்கியம். காப்பி வாரியம் 1942-ல் சட்டப்படி வந்த பிறகு, விளைந்த காப்பியை வாரியத்தின் பொதுத் தொகுப்பில்தான் கொடுக்கணும். நாங்கள் ‘பூல்’ என்போம். அங்கே எல்லோர் சரக்கும் தரம் பிரித்து ஒன்றாகச் சேரும். அதிலிருந்து ஏலம் எடுத்துத்தான் கடைக்கு வரும். 1990-களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, 1996-ல் முழுக்கத் திறந்து விட்டாங்க. அதாவது அரை நூற்றாண்டுக்குத் தோட்டத்தின் பெயர் சாக்கோடு அழிந்துபோகும். எங்கப்பாவுக்கு நாக்கு தெரியும், கொட்டையைக் கடித்தே ஈரம் சொல்லுவார். ஆனால் தான் விற்கிற கொட்டை எந்த மலையில் விளைந்தது என்று கடைசி வரை உறுதியாகச் சொல்ல அவருக்கு வழியில்லை.

கலவையைக் குறைவாக நினைக்காதீங்க. ஒரு வருஷம் மழை கெடுத்தாலும் உங்கள் டம்ளரில் ருசி மாறாமல் வருவது கலவையால்தான். அதற்கும் கை வேணும். சிக்கரி மட்டும் அளவோடு போகணும். காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். அந்த எல்லையை ஒட்டியே விற்கிற பொட்டலங்களைத் திருப்பிப் பின்பக்கம் படிங்க.

#4 மலைவாசல்

கொட்டைக்கடை அண்ணன் ‘பூல்’ பற்றிச் சொன்னதும் எங்கள் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. நான் வேலை பார்ப்பது புதுச்சேரியில். ஆனால் வீடு ஏற்காடு பக்கம், நாலு ஏக்கர் காப்பி, இப்போது அண்ணன் பார்க்கிறான். சரக்கைக் கொடுத்துவிட்டுத் தவணை தவணையாக வருகிற பணத்துக்குத் தாத்தா காத்திருப்பார். நல்ல பழமாகப் பொறுக்கிப் பறித்தாலும் கலந்து பறித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்புறம் யார் பொறுக்குவார்கள்?

தோட்டத்தின் பெயருக்குப் பொருள் உண்டு, அக்கா. ஆனால் அது மண்ணில் தானாக இருப்பதில்லை. வருஷா வருஷம் செய்து காட்ட வேண்டும்.

பங்குனி, சித்திரையில் பூ மழை. ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டுப் பத்து நாளில் மலை முழுக்க மல்லிகை மாதிரி வெள்ளைப் பூ, அதே போன்ற மணம், இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். அப்புறம் இன்னொரு மழை வந்தால்தான் பிஞ்சு நிற்கும். அரபிக்கா பழுக்க எட்டு, ஒன்பது மாதம். எல்லாம் ஒரே நாளில் பழுக்காது. ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் இருக்கும். சிவந்ததை மட்டும் எடுத்தால் ஒரே செடிக்கு நாலைந்து தடவை போக வேண்டும். மொத்தமாக உருவினால் ஒரு தடவை. கூலி வித்தியாசத்தை நீங்களே கணக்குப் போடுங்கள்.

பறித்த அன்றைக்கே தோல் உரிக்க வேண்டும். கொட்டை மேல் ஒட்டியிருக்கும் வழுவழுப்பு போக ஒரு நாளோ, குளிரென்றால் ஒன்றரை நாளோ தொட்டியில் புளிக்கும். கையால் அள்ளித் தேய்த்தால் கூழாங்கல் தேய்க்கிற சத்தம் வரும், அப்போது கழுவ வேண்டும். ஒரு ராத்திரி அசந்தால் புளித்த வாடை கொட்டைக்குள் போய்விடும், எந்த வறுவலும் அதை எடுக்காது. பிறகு களத்தில் காயல், ஈரம் பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்கு இறங்கும் வரை.

எங்களுக்குப் பெரிய கஷ்டம் இந்தக் காயல்தான். நம் பக்கம் பழுக்கிற நேரமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வரும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. நான் இங்கே ரெயின்போ நகரில் முழங்கால் தண்ணீரில் நின்றேன். அதே புயல் உள்ளே நகர்ந்து சேலம் பக்கம் வந்தபோது, அங்கே அண்ணன் செடியிலேயே வெடித்துக்கிடந்த பழத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த வருஷம் எங்கள் சரக்கில் பெயர் போடத் தகுந்தது பாதிகூட இல்லை. மீதியைச் சாதாரண விலைக்கே கொடுத்தோம். பெயர் போடுகிறவன் அதைச் செய்யத்தான் வேண்டும்.

#5 குயிலாப்பாளையம்

நான் ஆரோவில் பக்கம் ஒரு காப்பிக் கடையில் காப்பி போடுகிறேன். ஊரும் இதுதான். டவரா அக்கா, அந்தக் கொட்டையை பால் இல்லாமல் குடிக்கத்தான் வறுத்திருப்பார்கள். இளம் வறுவலில் பழத்தின் புளிப்பு மிஞ்சி நிற்கும், பாலோடு சேர்ந்தால் அது சண்டை போடும். பாலுக்கு வேண்டுமென்றால் அதே தோட்டத்துக் கொட்டையை இன்னும் கொஞ்சம் கருக்கி வறுத்ததாகக் கேளுங்கள். சிக்கரி இல்லாத பொடி பில்டரில் சீக்கிரம் இறங்கும். வழக்கத்தை விடச் சற்று நைசாக அரைத்து, பொடியைக் கூட்டிப் போடுங்கள். பாலில்லாமல் குடிக்க 15 கிராம் பொடிக்கு 240 மில்லி வெந்நீர் போதும். கொதி அடங்கி அரை நிமிஷம் கழித்து ஊற்றுங்கள். வறுத்த மறுநாளே பிரிக்க வேண்டாம், ஒரு வாரம் போகட்டும்.

ஆரஞ்சு மணம் பற்றி ஒன்று. எங்கள் கடைக்கு வருகிறவர்கள் பலர், தோட்டத்தில் ஆரஞ்சு மரம் நின்றால் காப்பியில் ஆரஞ்சு வரும், மிளகுக் கொடி இருந்தால் காரம் வரும் என்று நம்புகிறார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போது நிறுத்திவிட்டேன். பக்கத்து மரத்தின் மணம் வேர் வழியாகக் கொட்டைக்குள் ஏறாது. செடியின் ரகம், பழம் மெதுவாகப் பழுத்ததா, புளிக்க வைத்த விதம், வறுவல், இவைதான் அந்த மணத்தைத் தருகின்றன. நிழல் மரம் செய்யும் உதவி வேறு. வெயிலைக் குறைக்கும், பழம் நிதானமாகப் பழுக்கும்.

எஸ்.795 பற்றியும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த கதை. இலைத்துரு நோய் 1869 வாக்கில் இலங்கையில் காப்பியை அழிக்கத் தொடங்கியது, அங்கேதான் பிறகு தேயிலை வந்தது. நம் மலைகளுக்கும் துரு வந்தது. மைசூர்ப் பக்கம் கென்ட் என்ற ஆங்கிலத் தோட்டக்காரர் தாங்கி நின்ற செடிகளைத் தேர்ந்தெடுத்தார், அதற்கு கென்ட்ஸ் என்றே பெயர். அதையும், லைபீரிக்கா என்ற வேறொரு காப்பி இனத்தின் ரத்தம் கலந்ததாகக் கருதப்படும் எஸ்.288-ஐயும் சேர்த்துப் பாலெஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது எஸ்.795. 1940-களிலிருந்து இன்று வரை மலையில் நிற்கிறது. நோய்க்காகச் செய்த செடி, ருசியையும் விட்டுக்கொடுக்காமல் வந்தது.

#6 முதுநகர்_உப்புக்காற்று

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். யாரும் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லையே. நம் கடலோரத்தில் அதுதான் பாதி விஷயம்.

எங்கள் வீட்டு போர் தண்ணீரில் எந்தக் காப்பியும் ஒரே ருசி: மொத்தையாக, மேலே ஏடு கட்டும். தண்ணீரிலுள்ள காரத்தன்மை காப்பியின் பழப்புளிப்பை அடித்துவிடுகிறது. சரி என்று ஆர்.ஓ. கேன் தண்ணீருக்கு மாறினேன். அதில் உப்பே இல்லாததால் காப்பி வெறுமையாகவும் கூர்ப்பாகவும் இருந்தது. கொட்டையிலிருந்து ருசியை இழுக்கக் கொஞ்சம் கால்சியமும் மக்னீசியமும் தண்ணீரில் வேண்டும். லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவுக்குக் கரைந்த உப்பு இருந்தால் நல்லது என்று காப்பி ருசி பார்ப்பவர்கள் சொல்லும் கணக்கு. கரைந்த உப்பின் அளவைக் காட்டும் சின்ன டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி, கேன் தண்ணீரோடு நகராட்சித் தண்ணீரைக் கலந்து அந்த அளவுக்குக் கொண்டுவந்தேன். அதே கொட்டை, அதே பில்டர். என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, ‘கொட்டையை மாத்திட்டீங்களா?’ என்று கேட்டாள்.

அடுத்தது காற்று. காப்பிக்கொட்டை ஈரத்தையும் வாசனையையும் இழுக்கும். மங்களூர்ப் பக்கம் மான்சூன்ட் மலபார் என்று ஒரு வகையே இதை வைத்துத்தான் இருக்கிறது. பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் ஐரோப்பா போன கொட்டை கடல் ஈரத்தில் உப்பி, வெளுத்து, புளிப்பு போய்ச் சேர்ந்தது. கப்பல் வேகமான பிறகு அங்கிருந்தவர்கள் பழைய ருசியைத் தேடினார்கள். அதனால் ஜூன் முதல் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் கிடங்கில் பரப்பி, வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். அது பச்சைக் கொட்டைக்கு, தெரிந்து செய்வது. வறுத்த கொட்டையைக் காகிதப் பையில் நம் அடுக்களையில் வைத்தால் பத்து நாளில் சணல் சாக்கு மணம்தான் மிஞ்சும். மூடி இறுகிய எவர்சில்வர் டப்பா, வேண்டிய அளவு மட்டும் அன்றன்றைக்கு அரைப்பது. மூன்று மடங்கு விலை கொடுத்தவர்கள் இதையாவது செய்ய வேண்டும்.

#7 லாஸ்பேட்டை_வாசகி

நிறையத் தெரிந்துகொண்டேன், நன்றி. ஆனால் என் மனதில் இருப்பதைக் கேட்டுவிடுகிறேன். பையில் தோட்ட முதலாளியின் குடும்பப் பெயர், மலை எத்தனை மீட்டர் உயரம் என்ற கணக்கு, ரகம் எல்லாம் இருக்கிறது. நாலைந்து தடவை அதே செடிக்குப் போய்ச் சிவந்த பழத்தைப் பொறுக்கியவர் எங்கே? என் பாட்டி வால்பாறையில் தேயிலை பறித்தவர். அவர் விரல் முழுக்கக் கறை. அந்தக் கூடுதல் விலையில் அவர் மாதிரி ஒருவருக்கு எவ்வளவு போகிறது என்று தெரியாமல் என்னால் இதைக் கொண்டாட முடியாது.

#8 மலைவாசல்

நியாயமான கேள்வி, மேலோட்டமாகப் பதில் சொல்ல மாட்டேன்.

5, 6 கிலோ பழம் போனால் 1 கிலோ பச்சைக் கொட்டை. வறுத்தால் அதிலும் ஆறில் ஒரு பங்கு எடை போகும். ஆக, டவரா அக்கா வீட்டுக் கால் கிலோ பைக்குள் ஒன்றரையிலிருந்து 1.8 கிலோ வரை பழம் இருக்கிறது. வழக்கமான கூலி பறித்த எடைக்கு. எடைக்குக் கூலி என்றால் பழுத்ததை மட்டும் தேடுகிறவருக்கு நஷ்டம். அதனால் பொறுக்கிப் பறிக்கும் நாட்களில் எங்கள் வீட்டில் நாள் கூலியாகக் கொடுக்கிறோம். எல்லாத் தோட்டத்திலும் இப்படி என்று நான் சொல்ல முடியாது. வாங்குகிறவர்கள் கேட்டால் எழுதுவார்கள். ரகத்தைக் கேட்கத் தொடங்கியதால்தானே ரகம் பையில் ஏறியது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அரபிக்காவுக்கு வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்று ஒரு வண்டு. பட்டை இடுக்கில் முட்டையிடும், புழு தண்டுக்குள் குடைந்து போகும். செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. வெயில் விழும் தோட்டத்தில் அது அதிகம். ஆகவே நிழல் மரம்தான் காவல். ஆனால் மரத்தை வெட்டி விற்றால் உடனே காசு, இடத்தை மனையாகவோ விடுதியாகவோ ஆக்கினால் இன்னும் காசு. எங்களைச் சுற்றி எத்தனை சின்னத் தோட்டம் அப்படிப் போய்விட்டது! கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி பக்கம், காப்பிக்கு நிழலாக விருப்பாச்சி வாழை நிற்கும். அந்த வாழைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 2019-ல் ஐந்து காப்பிகளுக்குக் குறியீடு கொடுத்தார்கள்: குடகு, சிக்கமகளூர், பாபாபுடன்கிரி, அரக்கு, வயநாடு. அந்த ஐந்தில் தமிழ்நாட்டு மலை ஒன்றுகூட இல்லை. நல்ல கொட்டைக்குத் தனி விலை வந்தால்தான் என் அண்ணன் மாதிரி ஒருவன் மரத்தை வெட்டாமல் இருப்பான். எனக்கு இந்தப் பெயர் விஷயம் அதற்காகத்தான்.

#9 திருப்பாப்புலியூர்_கொட்டைக்கடை

தம்பி, மனசில் பட்டதைச் சொல்றேன். முப்பது வருஷமாகச் சாக்குக் கணக்கில் வாங்குறேன், ஒரு விவசாயியின் முகம் பார்த்ததில்லை. நம்ம ஊரிலிருந்து விருத்தாசலம் வழியாகச் சேலத்துக்கு ரயில் பாதையே இருக்கு. உங்கண்ணன் சம்மதித்தால் இந்தப் பருவத்தில் 30 கிலோ பச்சைக் கொட்டை நானே வந்து எடுத்துக்கறேன். பாலுக்கு ஏற்ற வறுவல் நான் போடறேன். கடைப் பலகையில் மலையின் பெயரும் பறித்த மாதமும் எழுதறேன். பறித்தவங்களுக்கு என்ன கூலி என்பதையும் எழுதணும், லாஸ்பேட்டை அம்மா கேட்டதுக்காக.

#10 மலைவாசல்

அண்ணன் சரி என்றான். தை பிறந்ததும் வாங்க. முதல் பறிப்பு ஈரத்தில் அடிபடும், நடுப் பறிப்புத்தான் நன்றாக இருக்கும்.

#11 முத்தியால்பேட்டை_டவரா

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் நானும் மகளும் போய்வந்தோம். மலைவாசல் தம்பி முகவரி தந்திருந்தார். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏரிப் பக்கம் திரும்பாமல் நேரே தோட்டத்துக்கு.

நான் காப்பித் தோட்டம் என்றால் வரிசையான செடிகள் என்று நினைத்திருந்தேன். அது ஒரு காடு. மேலே சில்வர் ஓக், பலா, கல்யாண முருங்கை, மரத்தில் சுற்றி மிளகு, அதற்கடியில் என் தோள் உயரத்துக்குக் காப்பி. பகல் பதினோரு மணிக்கும் தரையில் ஈரம். ஒரு பழத்தைப் பிதுக்கி வாயில் போட்டேன். இனிப்பு! காப்பிப் பழம் தித்திக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. தோல் மெல்லியது, சதை கொஞ்சம்தான், உள்ளே வழுக்கிக்கொண்டு இரண்டு கொட்டை.

பறித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் என் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டு, ‘அது இன்னும் நாலு நாள் நிக்கணும்’ என்றார். எனக்குச் சிவப்பாகத்தான் தெரிந்தது. காம்புப் பக்கம் ஒரு மஞ்சள் கீற்று இருப்பதை அவர் காட்டிய பிறகுதான் கண்டேன். அரை மணி நேரம் அவரோடு நானும் பறித்தேன். என் கூடையில் கால் பங்கைக் கீழே கொட்டிப் பொறுக்கி எடுத்துவிட்டார், கோபமில்லாமல். இருபத்தைந்து வருஷமாகப் பறிக்கிறாராம். தான் பறித்த காப்பியை பால் இல்லாமல் குடித்ததுண்டா என்று கேட்டேன். இல்லை என்றார், வீட்டில் வாங்குவது கடைத் தூள்தான். அன்று சாயங்காலம் தோட்டத்து அண்ணன் வீட்டில் எல்லோருக்கும் போட்டோம், பறித்தவர்கள் பதினொரு பேருக்கும். அந்த அம்மா இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரை மூக்கருகே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு சர்க்கரை கேட்டார், போட்டுக் கொடுத்தோம்.

லாஸ்பேட்டை தங்கைக்கு: நாள் கூலி என்று தம்பி எழுதியது உண்மைதான், அவர்களிடமே கேட்டேன். போதுமா என்றும் கேட்டேன். ‘பறிப்பு மூணு மாசம்தானே, மத்த மாசத்துக்கு என்ன பண்றது’ என்றார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

#12 லாஸ்பேட்டை_வாசகி

கேட்டு வந்ததற்கு நன்றி அக்கா. அந்தக் கடைசி வரியைக் கொட்டைக்கடை அண்ணன் பலகையில் எழுத முடியாது, ஆனால் அடுத்த பருவத்தில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். மற்ற மாதங்களில் நிழல் மரம் கவாத்து, பட்டை தேய்த்தல், மிளகு பறிப்பு என்று வேலை இருக்குமே. அதே ஆட்களுக்கே கொடுக்கிறார்களா, மலைவாசல்?

#13 மலைவாசல்

ஆறு பேருக்குக் கொடுக்கிறோம். பதினொரு பேருக்கும் கொடுக்க நாலு ஏக்கர் காணாது. பக்கத்துத் தோட்டங்களோடு சேர்ந்து செய்யலாமா என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறேன்.

#14 திருப்பாப்புலியூர்_கொட்டைக்கடை

சரக்கு வந்துவிட்டது. நேற்று முதல் வறுவல். சூட்டில் கொட்டை முதல் தடவை படபடவென்று வெடித்த பிறகும் நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் கொண்டுபோய், எண்ணெய் மேலே வருவதற்குள் இறக்கினேன். பில்டரில், பாலோடு, சிக்கரி இல்லாமல் நிற்கிறது. வெல்லப்பாகு தெரியுது, ஆரஞ்சு பாலில் மறைஞ்சுடுது. வெள்ளிக்கிழமை கொடுக்க ஆரம்பிக்கிறேன். புதுச்சேரிக்காரங்களுக்கு முதுநகர் தம்பி சனிக்கிழமை பஸ்ஸில் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கார். யாருக்கு எவ்வளவு, கொட்டையாகவா தூளாகவா என்று இங்கேயே எழுதுங்க.

#15 லாஸ்பேட்டை_வாசகி

எனக்குக் கால் கிலோ. கொட்டையாக.